கார் யுஎஸ்பி போர்ட்டை நாமே இடம் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பின் பார்க்கிங்கில் ஒருவர் காரில் யுஎஸ்பி போர்ட் கிளவ் பாக்ஸிலிருந்து கியர் லிவர் பக்கம் வந்துவிட்டது என்று தெரிந்தால் போதும், "எனக்கும் ஒண்ணு பண்ணித் தாங்களேன்" என்று இன்னும் நாலு பேர் கிளம்பி விடுவார்கள். கேட்கும் ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் வார்த்தையிலேயே கேள்விகளை எழுதிப் பதிலையும் போட்டிருக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் 12 வோல்ட் பேட்டரி உள்ள சாதாரண பெட்ரோல், டீசல் கார்களுக்கு. மின்சாரக் காரிலும் ஹைப்ரிட்டிலும் ஆரஞ்சு நிறக் கேபிள் கண்ணில் பட்டால் அது உயர் மின்னழுத்தம். அந்தப் பக்கமே கை போகக் கூடாது.

போர்ட்டை இடம் மாத்தறதுன்னா அந்த சாக்கெட்டையே பிடுங்கி வேற இடத்துல வைக்கிறதா?

அப்படியும் செய்யலாம், ஆனால் பெரும்பாலும் தேவைப்படாது. கம்பெனி போர்ட் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளைச் செருகி, அதன் மறுமுனையிலுள்ள சாக்கெட்டை நமக்கு வசதியான இடத்தில் பொருத்தினால் வேலை முடிந்தது. ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் உருவி எடுத்துவிடலாம்.

இந்தப் பக்கம் முழுக்க நான் இந்த வழியைத்தான் ஆதரிக்கிறேன். வெட்டி ஒட்டும் வேலை எங்கே தவிர்க்க முடியாதோ அங்கே மட்டும் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

என் கார்ல ரெண்டு மூணு போர்ட் இருக்கு. எதை மாத்தணும்?

முதலில் எது டேட்டா போர்ட், எது வெறும் சார்ஜிங் போர்ட் என்று பாருங்கள். ஒரு பென்டிரைவைச் செருகுங்கள். ஸ்டீரியோ அதிலுள்ள பாட்டைக் காட்டினால் டேட்டா போர்ட். எதுவும் வரவில்லை, ஆனால் போன் மட்டும் சார்ஜ் ஆகிறது என்றால் அது சார்ஜிங் போர்ட்.

இரண்டுக்கும் வேலை வேறு. டேட்டா போர்ட்டிலிருந்து நாலு வயர் ஸ்டீரியோவுக்குப் போகும்: சிவப்பு 5 வோல்ட், கறுப்பு எர்த், வெள்ளையும் பச்சையும் டேட்டா. சார்ஜிங் போர்ட்டுக்கு ஸ்டீரியோவோடு சம்பந்தமே கிடையாது. காரின் 12 வோல்ட்டை வாங்கி, அதற்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் 5 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கிறது. போனின் மேப்பையும் பாட்டையும் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்பிளேயோ வேண்டுமென்றால் டேட்டா போர்ட்டைத்தான் நகர்த்த வேண்டும். சார்ஜ் மட்டும் போதும் என்றால் எதையும் நகர்த்தாமல் புதிதாக ஒன்று போட்டுக்கொள்வது சுலபம்.

வெளியில ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போட்டேன். கடைக்காரர் யுஎஸ்பி வயரை கிளவ் பாக்ஸுக்குள்ள விட்டுட்டார். அதை எடுக்க முடியுமா?

எல்லாவற்றிலும் சுலபமான கேஸ் உங்களுடையதுதான். அந்த ஸ்டீரியோக்களின் பின்பக்கத்திலிருந்து சின்ன பிளக் வைத்த யுஎஸ்பி வால் ஒன்றோ இரண்டோ வரும். மாட்டுபவருக்கு நேரம் மிச்சம் ஆகட்டும் என்று அதைக் கிளவ் பாக்ஸ் ஓட்டை வழியாக உள்ளே தள்ளிவிடுவார். அதையே பின்னால் இழுத்து, நடுக் கன்சோலின் உட்புறம் வழியாக இறக்கினால் கியர் லிவருக்கு முன்னால் வந்துவிடும். வயர் நீளம் எட்டினால் எக்ஸ்டென்ஷனே வேண்டாம்.

இரண்டு வால் இருந்தால் இரண்டிலும் போனைச் செருகிப் பார்த்துவிட்டு எடுங்கள். சில ஸ்டீரியோவில் ஒன்றில் மட்டும்தான் ஆண்ட்ராய்டு ஆட்டோ வரும், மற்றது பென்டிரைவுக்கு மட்டும்.

கடையில என்னன்னு கேட்டு வாங்கணும்?

"யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன், பேனல் மவுண்ட்" என்று கேளுங்கள். சென்னை என்றால் ரிச்சி தெருவில் கிடைக்கும், கார் அலங்காரக் கடைகள் வரிசையாக இருக்கும் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலும் கிடைக்கும். இரண்டு வடிவம் உண்டு. ஒன்று உருண்டை, பின்னால் நட் போட்டு இறுக்குவது. மற்றொன்று ஸ்விட்ச் வடிவம், டேஷ்போர்டில் காலியாக இருக்கும் ஸ்விட்ச் மூடியைக் கழற்றிவிட்டு அதே துளையில் பொருத்துவது. இந்தக் காலி மூடிகளின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கழற்றி அளந்துகொண்டு, முடிந்தால் மூடியையே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அப்புறம், கேபிளின் தோலில் பொடி எழுத்தில் அச்சாகியிருப்பதைப் படியுங்கள். '28 ஏடபிள்யூஜி/1பி, 24 ஏடபிள்யூஜி/2சி' என்பதுபோல் இருக்கும். முதலாவது டேட்டா ஜோடி, இரண்டாவது மின்சாரம் போகும் இரண்டு வயர். ஏடபிள்யூஜி என்பது வயரின் கேஜ் எண், அது குறையக் குறைய வயர் தடிமன். மின்சார வயர் 24 அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். எல்லாமே 28 என்றிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எதுவுமே அச்சாகவில்லை என்றால் அது எதற்கும் துணிந்த கேபிள், வேண்டாம்.

3 மீட்டர் கேபிளா வாங்கிட்டா எங்க வேணாலும் கொண்டு போகலாமே?

போகலாம், சார்ஜ் போகாது. கணக்கைப் பாருங்கள். 28 கேஜ் செம்பு வயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். 2 மீட்டர் கேபிளில் மின்சாரம் போய்த் திரும்ப 4 மீட்டர், ஆக 0.85 ஓம் அளவில். அதில் 1 ஆம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் வழியிலேயே காலி. 5 வோல்ட் கிளம்பி 4.15 தான் போனுக்கு வருகிறது. போன் அதைப் பார்த்துவிட்டு இழுக்கும் கரண்டைக் குறைத்துக்கொள்ளும், அல்லது சார்ஜ் ஆவதும் நிற்பதுமாக இருக்கும். அதே 2 மீட்டர் 24 கேஜில் என்றால் இழப்பு 0.34 வோல்ட்தான், சமாளிக்கலாம்.

இது சிவப்பு, கறுப்பு வயரின் கதை. டேட்டாவுக்கு வேறு கதை. யுஎஸ்பி 2.0 விநாடிக்கு 480 மெகாபிட் வேகத்தில் பேசுவது. கேபிள் நீளத்துக்கு 5 மீட்டர் வரை இடம் உண்டு. ஆனால் அது நல்ல கேபிளை நேராக ஒரே துண்டாகப் போட்டால். இடையில் வரும் ஒவ்வொரு இணைப்பும் சிக்னலைக் கொஞ்சம் கெடுக்கும். சொல்லப்போனால் யுஎஸ்பி விதிமுறையில் எக்ஸ்டென்ஷன் கேபிள் என்ற ஒன்றே கிடையாது. கடைகளில் விற்பதெல்லாம் விதிக்கு வெளியே பிறந்த பிள்ளைகள்தான். ஒரு மீட்டருக்குள் முடித்துக்கொண்டால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை.

எல்லாத்தையும் பிரிச்சு மாட்டின அப்புறம் ஆண்ட்ராய்டு ஆட்டோ வரலைன்னா? முன்னாடியே தெரிஞ்சுக்க வழி இருக்கா?

இருக்கிறது, ஆனால் யாரும் செய்வதில்லை. கேபிளை வாங்கியதும் எதையும் கழற்றாமல் டேஷ்போர்டின் மேலாகவே தொங்கவிட்டு இணையுங்கள். கியர் போடும் கைக்கும் பெடலுக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒட்டிவிட்டு, ஒரு வாரம் அப்படியே ஓட்டுங்கள். மேப், பாட்டு, போன் அழைப்பு எல்லாம் தடங்கலில்லாமல் வந்தால் உள்ளே போடலாம்.

ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கு 3 அடிக்குக் குறைவான நல்ல கேபிளைப் போடுங்கள், ஹப்பும் எக்ஸ்டென்ஷனும் வேண்டாம் என்பதுதான் கூகுள் தரும் அறிவுரை. நாம் செய்வது அதை மீறி. அதனால் எக்ஸ்டென்ஷன் போட்ட பிறகு போனுக்குப் போகும் கேபிளைச் சின்னதாக்குங்கள், அரை மீட்டர் போதும். போர்ட் கைக்கருகே வந்துவிட்ட பிறகு நீளக் கேபிளுக்கு வேலையும் இல்லையே.

டேஷ்போர்டை முழுசா கழட்டணுமா?

வேண்டாம். ஏசி ஃபில்டரை நீங்களே மாற்றியிருந்தால் பாதி வேலை உங்களுக்குத் தெரியும். நிறைய ஹேட்ச்பேக் கார்களில் கிளவ் பாக்ஸைத் திறந்து இரண்டு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அழுத்தினால் பெட்டி கீழே தொங்கிவிடும். சிலவற்றில் ஒரு பக்கம் மெதுவாக இறங்குவதற்கு ஒரு தண்டோ கயிறோ இருக்கும், அதை முதலில் கழற்றிவிட வேண்டும். இப்போது ஸ்டீரியோவின் பின்பக்கம் வரை கை போகும்.

அங்கிருந்து கன்சோலுக்கு வயரை இறக்கக் கன்சோலின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் போதும். இது கிளிப்பில் நிற்பது. இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள், பிளாஸ்டிக்கில் பல் பதிந்த தடம் காலத்துக்கும் நிற்கும். பிளாஸ்டிக் நெம்புகோல் செட் மலிவாகவே கிடைக்கிறது. உச்சி வெயிலில் நின்ற காரில் பிளாஸ்டிக் இளகி இருக்கும், சுலபமாக வளைந்து தடம் விழும். காலை நேரம், நிழல், நல்லது.

வயரை இழுத்துக் கட்டும்போது இரண்டு விஷயம். பெடல், ஸ்டீயரிங் தண்டு, கியர் லிவர் அசையும் பாதையில் எதுவும் தொங்கக் கூடாது. கறுப்பு பிவிசி டேப் சுற்றாதீர்கள். நம் ஊர் வெயிலில் அந்தப் பசை உருகி வழிந்து, அடுத்த முறை தொட்டால் கையெல்லாம் பிசுபிசுக்கும். கார் வயரிங்குக்கென்றே துணி டேப் விற்கிறார்கள். அதைச் சுற்றினால் வயர் பிளாஸ்டிக்கில் இடித்துக் கடகடக்கும் சத்தமும் வராது.

ஏர்பேக் வெடிச்சிடும்னு பயமா இருக்கு.

பயப்படுவது நல்லதுதான். இந்தியாவில் 2019 ஜூலை முதல் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். 2021 முடிவதற்குள் முன் பயணிக்கும் கட்டாயமாகிவிட்டது. பயணி ஏர்பேக் நீங்கள் கை விடும் கிளவ் பாக்ஸுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது. வேலை தொடங்கும் முன் இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, சில நிமிடம் காத்திருங்கள். ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் தேங்கி நிற்கும் மின்சாரம் வடியத்தான் இந்தக் காத்திருப்பு. எவ்வளவு நேரம் என்று உங்கள் கார் கையேட்டில் போட்டிருந்தால் அதுவே கணக்கு.

மஞ்சள் நிற கனெக்டரும் மஞ்சள் உறை போட்ட வயரும் ஏர்பேக்குக்கு உரியவை. கழற்றாதீர்கள், மல்டிமீட்டர் முனையை வைக்காதீர்கள், அதோடு சேர்த்து உங்கள் கேபிளைக் கட்டாதீர்கள். 'எஸ்ஆர்எஸ்' அல்லது 'ஏர்பேக்' என்று பொறித்த மூடிக்கு மேலும் குறுக்கேயும் எதுவும் வரக் கூடாது. முன் கண்ணாடி ஓரத் தூணுக்குள் வயர் விடுவதையும் தவிருங்கள், திரை ஏர்பேக் உள்ள காரில் அது விரியும் வழி அது.

புது போர்ட்டுக்கு ஓட்டை போடணுமாமே? புதுக் காரு, மனசு வரல.

எனக்கும் வராது. முதலில் காலி ஸ்விட்ச் மூடி இருக்கிறதா என்று பாருங்கள், மேலே சொன்ன ஸ்விட்ச் வடிவப் போர்ட் அதற்குத்தான். இல்லையென்றால் கன்சோலின் அந்த ஒரு துண்டை மட்டும் பழைய சாமான் கடையில் வாங்குங்கள். சென்னைப் புதுப்பேட்டையில் உங்கள் மாடல், வருடம் சொன்னால் தேடிக் கொடுப்பார்கள். அதில் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு, கம்பெனித் துண்டைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிடலாம்.

உருண்டைப் போர்ட்டுகளில் நிறைய வகை சிகரெட் லைட்டர் துளை அளவுக்கே வரும், சுமார் 29 மி.மீ. ஹோல் சா (வட்ட ஓட்டை போடும் ரம்பம்) வாங்கும் முன் கையில் இருக்கும் போர்ட்டை அளந்துவிடுங்கள். பின்பக்கம் எவ்வளவு ஆழம் காலியாக இருக்கிறது என்றும் பாருங்கள். முன்னால் அழகாக உட்கார்ந்து, பின்னால் ஹீட்டர் குழாயில் முட்டி நின்ற போர்ட்டுகள் உண்டு. சூட்டுப் பசை வைத்து ஒட்டும் யோசனை வேண்டாம், வெயிலில் நின்ற காருக்குள் அது இளகிக் கழன்றுவிடும். நட் போடும் வகைதான் நிற்கும்.

எக்ஸ்டென்ஷன் எதுக்கு, இருக்கிற வயரையே வெட்டி நடுவுல நாலு வயர் சேர்த்துட்டா?

சிவப்பும் கறுப்பும் பொறுத்துக்கொள்ளும். வெள்ளையும் பச்சையும் பொறுக்காது. அவை ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, வெளியே உலோக வலை போர்த்திப் போவதற்குக் காரணம் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறினால்தான் மறுமுனையில் அதைக் கழித்துவிட முடியும். நீங்கள் நடுவில் சாதாரண வயரைச் சேர்த்தால் பென்டிரைவ் பாட்டு வரும், ஆண்ட்ராய்டு ஆட்டோ நடுவழியில் கழன்றுகொள்ளும்.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், எடுத்துக்காட்டாகப் பிளக் நுழையாத சின்ன ஓட்டை வழியாகக் கேபிள் போக வேண்டும் என்றால், வாங்கிய எக்ஸ்டென்ஷனை வெட்டுங்கள், கார் வயரை அல்ல. முறுக்கைச் சில மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காமல் சால்டர் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, மேல் வலையையும் சேர்த்து இணைத்துவிடுங்கள்.

எல்லாம் நல்லா வேலை செய்யுது. ஆனா மேப் போட்டா சார்ஜ் ஏறவே மாட்டேங்குது. எக்ஸ்டென்ஷன்தான் காரணமா?

ஒருவேளை. கம்பெனிப் போர்ட்டில் நேராகச் செருகிப் பாருங்கள், அங்கேயும் அப்படித்தான் என்றால் எக்ஸ்டென்ஷன் மேல் பழி போடாதீர்கள். யுஎஸ்பி 2.0 டேட்டா போர்ட்டின் அடிப்படை அளவு 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். வெளிச்சத்தை முழுசாக வைத்து மேப்பையும் ஓட்டும் போன் அதைவிட அதிகம் தின்னக்கூடும். போட்ட சார்ஜிலேயே பேட்டரி இறங்குவது இப்படித்தான்.

டேட்டாவையும் சார்ஜையும் ஒரே ஓட்டையில் எதிர்பார்க்காமல் இருப்பதுதான் தீர்வு. ஸ்டீரியோ இணைப்புக்கு நகர்த்திய போர்ட், வேகமான சார்ஜுக்கு 12 வோல்ட்டிலிருந்து தனி சார்ஜர். ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கு உங்கள் கார் வயர்லெஸ்ஸை ஏற்குமென்றால், அல்லது டேட்டா போர்ட்டில் ஒரு வயர்லெஸ் டாங்கிள் (போனை வயரில்லாமல் இணைக்கும் சின்னக் கருவி) செருக முடியுமென்றால், போர்ட்டை நகர்த்த வேண்டிய அவசியமே இல்லாமல் போகும். டாங்கிள் கிளவ் பாக்ஸுக்குள்ளேயே கிடக்கட்டும். வண்டி எடுத்ததும் இணைய அரை நிமிடம் ஆகும், அவ்வளவுதான். இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்கிறேனே என்று நினைக்கலாம், பாதிப் பேருக்கு இதுதான் சரியான வழி.

தனி சார்ஜருக்கு கரண்ட் எங்கேயிருந்து எடுக்கிறது? பக்கத்துல போற சிவப்பு வயர்ல ஒரு பிட் போட்டா?

கூடவே கூடாது. கார் வயரின் தோலைக் கடித்து இணையும் கிளிப்புகள் உள்ளே செம்பு இழைகளை அறுத்துவிடும். ஃபியூஸ் பெட்டியில் செருகும் ஃபியூஸ் டேப் வாங்குங்கள், இது ஒட்டும் டேப் அல்ல, பழைய ஃபியூஸோடு புது இணைப்புக்கு இன்னொரு ஃபியூஸும் போட இடம் தரும் செருகி. உங்கள் பெட்டியிலிருந்து ஒரு ஃபியூஸைப் பிடுங்கி எடுத்துப்போய் அதே வகை கேளுங்கள், மினி, லோ புரொஃபைல் மினி, மைக்ரோ எல்லாம் பார்க்க அண்ணன் தம்பி போலவே இருக்கும். சிகரெட் லைட்டர் ஃபியூஸ் நல்ல இடம். ஏர்பேக், பிரேக், இன்ஜின் என்று எழுதிய இடங்களில் செருகாதீர்கள். 45 வாட் சார்ஜர் இழப்பையும் சேர்த்து 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 7.5 ஆம்பியர் ஃபியூஸ், பழுப்பு நிறம், போதும். வயர் 1 சதுர மி.மீ. எர்த்தைப் பெயின்ட் இல்லாத பாடி போல்ட்டில் கொடுங்கள்.

டேப்பைச் செருகியதும் ஒரு சோதனை: பழைய ஃபியூஸை மட்டும் டேப்பிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். புது சார்ஜர் தொடர்ந்து வேலை செய்தால் சரியாக மாட்டியிருக்கிறீர்கள். அதுவும் சேர்ந்து அணைந்தால் டேப் தலைகீழ், இரண்டு சுமையும் பழைய ஃபியூஸ் வழியாகவே ஓடுகிறது. திருப்பிச் செருகுங்கள்.

வண்டி ஆஃப் ஆனாலும் சார்ஜ் ஏறணும். எப்பவும் கரண்ட் இருக்கிற ஃபியூஸ்ல கொடுக்கலாமா?

தினமும் ஓட்டுபவர் என்றால் பாதகமில்லை. ஊருக்குப் போய் ஒரு மாதம் வண்டியை நிறுத்துபவர் என்றால் யோசியுங்கள். வோல்ட் காட்டும் நீல விளக்கு வைத்த சார்ஜர் சும்மா இருக்கும்போது 20 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால், 30 நாளில் 14.4 ஆம்பியர்-மணி போய்விடும். சின்னக் காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது நாற்பது சதவீதம்.

பின் சீட்டுக்கும் ஒண்ணு வேணும்னு பசங்க அடம் பிடிக்கிறாங்க.

பின்னால் டேட்டா தேவையில்லை, சார்ஜ் மட்டும். 5 வோல்ட் கேபிளை அவ்வளவு தூரம் இழுத்தால் மேலே போட்ட கணக்கு இன்னும் மோசமாகும். 12 வோல்ட்டையே பின்னால் வரை கொண்டுபோய், சார்ஜரைக் கன்சோலின் பின்முனையில் வையுங்கள். 12-ல் அரை வோல்ட் குறைந்தால் சார்ஜருக்குத் தெரியவே தெரியாது. வயர் கன்சோலுக்குள்ளேயே போகட்டும். கார்ப்பெட்டுக்கு அடியில் விட்டால் சீட் தண்டவாளம் ஒருநாள் அதை நறுக்கும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் ஏர்பேக் பதிலை மறுபடி படியுங்கள்.

புது சார்ஜர் போட்டதிலிருந்து எஃப்எம்ல 'உஸ்'ஸுன்னு சத்தம்.

சார்ஜரைப் பிடுங்கியதும் சத்தம் நின்றால் அதுதான். 12-ஐ 5 ஆக்கும் சர்க்யூட் வேகமாக அணைந்து எரிந்துகொண்டே இருக்கும். மலிவான சார்ஜரில் அதன் இரைச்சலைத் தடுக்கும் பாகங்களை மிச்சம் பிடித்திருப்பார்கள். இரைச்சலைக் குறைக்கும் ஃபெரைட் கிளிப் ஒன்றைச் சார்ஜர் வயரைச் சுற்றி மாட்டிப் பாருங்கள், ஆன்டெனா வயரிலிருந்து தள்ளி வையுங்கள். அப்படியும் போகாவிட்டால் நல்ல சார்ஜர்தான் மருந்து.

ஸ்டீரியோவில் டைப்-சி போர்ட். அதுக்கும் இதே மாதிரி எக்ஸ்டென்ஷன் போடலாமா?

போடலாம், ஆனால் கவனம் அதிகம் வேண்டும். டைப்-சியில் எந்தப் பக்கம் செருகியிருக்கிறது, எவ்வளவு கரண்ட் தரலாம் என்று இரு முனையும் பேசிக்கொள்ளத் தனி வயர் உண்டு. மலிவான எக்ஸ்டென்ஷன்களில் அது முழுசாக இருக்காது. ஒரு பக்கம் செருகினால் வேலை செய்யும், திருப்பிச் செருகினால் செய்யாது. டேட்டாவே வராத, சார்ஜுக்கு மட்டுமான கேபிள்களும் உண்டு. வாங்கியதும் நாலு விதமாகவும் திருப்பித் திருப்பிச் செருகிச் சோதியுங்கள். பழைய அகலப் போர்ட்டில் (டைப்-ஏ) ஒரு மாற்றியைச் செருகி டைப்-சி சாக்கெட் ஆக்கும் யோசனை வேண்டாம், அகலத்தை அகலமாகவே நீட்டிவிட்டுக் கடைசியில் ஒரு முனை அகலமும் மறுமுனை டைப்-சியும் உள்ள கேபிள் போடுங்கள்.

வாரன்டி போயிடுமா? ஆர்டிஓ பிரச்சனை வருமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. யுஎஸ்பி போர்ட் இருக்குமிடம் ஆர்.சி.யில் வருவதில்லை. வாரன்டிதான் சிக்கல். கம்பெனி வயரை வெட்டியிருந்தால், நாளைக்கு ஸ்டீரியோ கெட்டாலும் அந்த வெட்டைத்தான் காட்டுவார்கள். செருகி உருவும் எக்ஸ்டென்ஷனில் காட்ட எதுவும் இல்லை. சர்வீஸுக்கு விடும் முன் எக்ஸ்டென்ஷனையும் ஃபியூஸ் டேப்பையும் எடுத்துவிட்டுப் போவது என் பழக்கம்.

மாட்டி ஆறு மாசம் நல்லா இருந்துச்சு. இப்போ வேகத்தடையில ஏறினா மட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ கட் ஆகுது.

போன் கேபிளை மாற்றிப் பாருங்கள், பாதி நேரம் அதுதான். போனின் சார்ஜிங் ஓட்டையில் சேர்ந்த பஞ்சையும் ஒரு மரக் குச்சியால் எடுத்துவிடுங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால், எக்ஸ்டென்ஷன் கம்பெனிப் போர்ட்டில் செருகிய இடம் அதிர்வில் தளர்ந்திருக்கும். கிளவ் பாக்ஸைத் தொங்கவிட்டு, அந்த இணைப்பைத் துணி டேப்பால் சுற்றி, அதற்கு ஒரு விரற்கடை தள்ளிக் கேபிளைப் பிராக்கெட்டோடு கட்டுங்கள். வேகத்தடையில் இழுபடும்போது அந்தக் கட்டு தாங்கட்டும், பிளக் தாங்கக் கூடாது. அந்த நேரத்தில் வயரில் பல் பதிந்த தடம், கீழே கறுப்பு எள் போன்ற புழுக்கை ஏதாவது தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் சிக்கல் போர்ட்டில் இல்லை, எலியில். மரத்தடியில் நிற்கும் வண்டி என்றால் உங்கள் கேபிளோடு கம்பெனி வயரையும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுவது நல்லது.